அம்மாவின் முள்ளந்தண்டு வலி: "எலும்பு தேய்ந்துவிட்டது" என்றால் அவ்வளவுதானா?

கேள்வி கேட்டவர்: தலவாக்கலை மகள்

வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். அவருக்கு வயது 53. 18 வயதில் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர், 35 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார்.

தைப்பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். மத்தியான நிறுவை. மழையில் நனைந்த கொழுந்து, கூடை வழக்கத்தைவிடப் பாரம். அதைத் தலையிலிருந்து இறக்கி, குனிந்து, ஒரு பக்கமாகத் திரும்பிச் சாக்கில் கொட்டியபோது இடுப்பில் ஏதோ விட்டுப்போனது போல இருந்ததாம். அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்துவிடும் என்று பயந்து மாலை வரை பறித்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மூன்றாம் நாள் வலி இடது பிட்டத்துக்கு இறங்கி, தொடையின் பின்பக்கமாகப் போய், கெண்டைக்காலின் வெளிப்புறம் வழியாகப் பெருவிரல் வரை வந்துவிட்டது. இருமினாலும் தும்மினாலும் காலில் மின்சாரம் பாய்வது போல வெட்டுகிறது என்கிறார்.

இன்றோடு 7 வாரம். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கினோம். பிறகு டவுனில் ஓர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். பார்த்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "எலும்பு தேய்ந்துவிட்டது, இனி மலைக்குப் போக வேண்டாம்", அதாவது கொழுந்து பறிக்கப் போக வேண்டாம், என்றார். அம்மாவின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சித்தப்பா ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் மூன்று நாள் எண்ணெய் போட்டு, முதுகை மிதித்து, காலை இழுத்து வழித்தார். மூன்றாம் நாள் இரவு அம்மா வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு அழுதார். அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. இப்போது 3,500 ரூபாய்க்கு வாங்கிய இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு 5 வாரமாகப் படுத்தே இருக்கிறார்.

வலியைவிட அந்த ஒரு சொல்தான் அவரை வாட்டுகிறது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்று விசாரித்தால், "எலும்பு தேய்ந்துவிட்டது, இனி என்னால் யாருக்கு என்ன பயன்" என்கிறார். என் தம்பி இன்னும் படிக்கிறான். நான் முன்பள்ளியில் வேலை செய்கிறேன், சம்பளம் குறைவு.

எலும்பு உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா? இப்படி வலி வர வேறு என்ன காரணங்கள் இருக்கும்? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? சத்திரசிகிச்சை செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: மவுசாக்கலை அக்கா

மகளே, உன் அம்மா வாயில் துணியைக் கடித்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இரவு எனக்கும் வந்தது. எனக்கு அப்போது 46 வயது, வலி வலது காலில். கக்கூசில் உட்கார்ந்தால் எழ முடியாது. மகன் வந்து கையைப் பிடித்துத் தூக்குவான்.

என்னையும் பலகையில் படுக்கச் சொன்னார்கள். ஆடி மாதக் குளிரில் பலகையில் படுத்து முதுகு விறைத்ததுதான் மிச்சம். கிளினிக்கில் ஒரு தாதி, "ஏனம்மா உங்களை நீங்களே தண்டிக்கிறீர்கள், மெத்தையில் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள்" என்றார். அன்றுதான் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன். மூன்றரை மாதத்தில் கால் வலி போனது. கத்தி வைக்கவில்லை. அதற்குப் பிறகு 9 வருடம் மலைக்குப் போனேன்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். என் நாத்தனாருக்குப் பாதம் தொங்கிவிட்டது. நடந்தால் செருப்பு தரையில் 'சட், சட்' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். அவரைக் கண்டிக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மறுநாளே எழுந்து நடக்க வைத்தார்கள். கால் விளங்காமல் போகவில்லை. தாமதமாகப் போனதால் பாதம் முழுதாகத் தூக்க வரவில்லை, அவ்வளவுதான். இப்போது பிள்ளைமடுவத்தில், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், வேலை.

ஆகவே அம்மாவின் பாதத்தைப் பார். வலியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதே.


பதில்: பொகவந்தலாவை இயன்மருத்துவர்

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அரசாங்க வைத்தியசாலையொன்றில் 16 வருடமாக இயன்மருத்துவராக, நம் ஆட்கள் சொல்வதுபோல 'பிசியோதெரபி'யில், வேலை செய்கிறேன். பிறந்ததும் வளர்ந்ததும் லயத்தில், தோட்டத்துத் தொடர் வீட்டில். என் அம்மாவும் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிரவே அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பார், விடாதீர்கள். சிறுநீர் கழிக்கச் சிரமமா, அல்லது போவதே தெரியாமல் போகிறதா? மலம் அடக்க முடியாமல் இருக்கிறதா? உட்காரும்போது தரையில் படுகிற இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போயிருக்கின்றனவா? இரண்டு கால்களும் சேர்ந்து வலுவிழக்கின்றனவா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், இலங்கை அரசின் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முள்ளந்தண்டின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்கும் நிலை அது. அரிதாகத்தான் வரும். வந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால், மவுசாக்கலை அக்கா சொன்னபடி பாதத்தைப் பாருங்கள். அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் உள்ள விடயம். அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பெருவிரல்களையும் முகத்தை நோக்கி மடக்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு ஆட்காட்டி விரல்களால் இரண்டையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்துங்கள். வலது விரல் எதிர்த்து நிற்கும். இடது விரல் அதே பலத்தோடு நிற்கிறதா, அல்லது மெதுவாக மடங்கிக் கொடுத்துவிடுகிறதா? பிறகு சுவரைப் பிடித்தபடி குதிகாலால் நாலு எட்டு, நுனிக்காலால் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எக்ஸ்ரே சொல்லாத செய்தியை இது சொல்லும்.

நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய வலியின் பாதை எனக்கு நன்கு பழக்கமான பாதை. பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்காலின் வெளிப்புறம், பெருவிரல். இருமினால் காலில் வெட்டு. இடுப்பில் உள்ள 5 முள்ளெலும்புகளில் நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவிலுள்ள தட்டு, அதாவது டிஸ்க், பின்பக்கமாகப் பிதுங்கி ஐந்தாவது நரம்பின் வேரை உரசும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். கொழுக்கட்டையை ஒரு பக்கம் அழுத்தினால் பூரணம் மறுபக்கம் தள்ளிக்கொண்டு வருகிறதல்லவா? முன்னால் குனியும்போது தட்டின் முன்பக்கம் அழுந்துகிறது, உள்ளே இருக்கும் கூழ் பின்னால் தள்ளப்படுகிறது. குனிந்தபடியே உடம்பைத் திருப்பினால் தட்டின் வெளி வளையத்தின் நார்கள் கிழிகின்றன. கூடையை இறக்கிச் சாக்கில் கொட்டுகிற அந்த ஒரு நொடியில் குனிதல், திரும்புதல், பாரம் மூன்றும் சேர்ந்துவிடுகின்றன.

அந்த நொடிக்கு முன்னால் 35 வருடங்கள் இருக்கின்றன. சரிவில் நிற்பவருக்கு ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். இடுப்பு ஒருபோதும் மட்டமாக நிற்பதில்லை. கை நிறைந்ததும் கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறிய வேண்டும், ஒரு நாளில் அது எத்தனை நூறு தடவை என்று யாரும் எண்ணியதில்லை. கூடைக் கயிறு உச்சந்தலையில் விழுவதால் பாரம் கழுத்து வழியாக இறங்குகிறது. நம் பெண்களில் பலருக்குக் கழுத்து வலியும் கை விறைப்பும் சேர்ந்தே இருக்கக் காரணம் அது. என் அம்மா இரவில் தலையை வருடச் சொல்வார். உச்சியில் கயிறு பதிந்த இடத்தில் முடி மெலிந்து, விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும். இதையெல்லாம் கேட்காமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஒருவருடைய முதுகைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி அந்தத் 'தேய்மானம்'. தயவுசெய்து இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு தொகுப்பு வெளியானது. வலி எதுவும் இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 வீதத்தினருக்கும், 50 வயதுக்காரர்களில் 80 வீதத்தினருக்கும் தட்டுகளில் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 வீதம். தலை நரைப்பது போலத்தான் இதுவும். அம்மாவின் எக்ஸ்ரேயில் தெரிந்தது அவருடைய வயது. பிதுங்கிய தட்டும் நரம்பும் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. அவருடைய எலும்பு அரைபட்டுத் தீர்ந்துகொண்டிருக்கவில்லை. பிதுங்கிய கூழைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து உள்வாங்கிக்கொள்கிறது. இப்படிக் காலுக்கு இறங்கிய வலி பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் கத்தியில்லாமலே நன்றாகக் குறைந்துவிடுகிறது. மூன்றரை மாதம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள், அக்காவைப்போல.

அப்படியானால் 7 வாரமாகியும் ஏன் குறையவில்லை? முதல் காரணம் படுக்கை என்று நினைக்கிறேன். கடும் வலியில் ஓரிரு நாள் படுக்கலாம். 5 வாரம் படுத்தால் முதுகைத் தாங்கும் தசைகள் மெலிந்துபோகும், அதன் பிறகு எழுந்து நிற்பதே வலியாகிவிடும். நாளைக் காலை முதல் இஸ்தோப்பில் 5 நிமிட நடை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது உடைவதன் அடையாளம் அல்ல. ஒரு நாளைக்கு மூன்று தடவை குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்தி இரண்டு நிமிடம் இருக்கட்டும். அப்போது வலி எங்கே போகிறது என்று கவனியுங்கள். காலிலிருந்து மேலேறி இடுப்புக்கு வந்தால், இடுப்பு வலி கூடினாலும் அது நல்ல செய்தி, தொடரலாம். காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், வேறு முறை பார்க்க வேண்டும்.

மிதிப்பதும் இழுப்பதும் இனி வேண்டவே வேண்டாம். நரம்பு ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும்போது காலை இழுப்பது புண்ணைக் கிள்ளுவது போல. இதமான எண்ணெய்த் தேய்ப்பும் சுடுநீர் ஒத்தடமும் தவறில்லை, தசையின் இறுக்கம் தளரும். இடுப்புப் பட்டியையும் கழற்றிவிடலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று மாதத்தைத் தாண்டிய இடுப்பு வலிக்குப் பட்டியும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும், நோயாளிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. எடுத்துச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்றவை கொஞ்ச நாளைக்கு உதவும். வெறும் வயிற்றில் கூடாது. அம்மாவுக்குப் பிரஷர், சிறுநீரக நோய், வயிற்றுப் புண் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. கடையில் கேட்டு வாரக்கணக்கில் விழுங்குவது ஆபத்து.

வேறு காரணங்களையும் கேட்டிருந்தீர்கள். உலகில் இடுப்பு வலிக்காரர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இன்ன நோய் என்று சுட்டிக்காட்ட முடியாது, தசையும் எலும்புகளை இணைக்கும் நார்களும் நொந்து வருகிற வலி. அது பெரும்பாலும் காலுக்கு இறங்காது. வயதானவர்களுக்கு நரம்பு ஓடும் கால்வாயே சுருங்கிவிடும். அதை நம் மலையில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். மேட்டில் ஏறும்போது முன்னால் சாய்வதால் சுகமாக இருக்கும், பள்ளத்தில் இறங்கும்போது கால் கனத்து, விறைத்து, எங்கேயாவது உட்காரச் சொல்லும். உட்கார்ந்து குனிந்தால் தீர்ந்துவிடும். "ஏற்றம் லேசு, இறக்கம்தான் கஷ்டம்" என்று ஒரு பாட்டி சொன்னால் நான் பாதி முடிவுக்கு வந்துவிடுவேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்து, வழுக்கி உட்கார்ந்தாலே, சில வேளை குடத்தைத் தூக்கினாலே முள்ளெலும்பு நசுங்கலாம். உயரம் குறைவதும் கூன் விழுவதும் அதனால்தான். அம்மாவுக்கு 53 வயது என்பதால், நடுமுதுகில் ஓரிடத்தை விரலால் தட்டினால் துடிக்கிறாரா என்று பாருங்கள். அதற்கு வாரம் ஒரு தடவை விழுங்கும் மருந்து இருக்கிறது, கல்சியமும் விட்டமின் டியும் கொடுப்பார்கள். 40 வயதுக்குட்பட்ட பையன்கள் காலையில் மரக்கட்டை போல விறைத்து எழுந்து, நடமாடிய பிறகு சுகப்பட்டால் அது மூட்டுவாத வகை, அதற்குத் தனிச் சிகிச்சை. எப்படிப் புரண்டு படுத்தாலும் மாறாமல் ஒரே மாதிரி இருக்கிற வலி சிறுநீரகத்திலிருந்தோ கருப்பையிலிருந்தோ வந்திருக்கலாம்.

சத்திரசிகிச்சை பற்றிய பயத்துக்கு வருகிறேன். பிதுங்கிய துண்டை மட்டும் சிறு வெட்டின் வழியாக எடுக்கிறார்கள். எல்லாச் சத்திரசிகிச்சையையும் போல இதிலும் ஆபத்து உண்டு. ஆனால் கால் விளங்காமல் போவது மிக மிக அரிது. அது கால் வலிக்கான மருந்து, இடுப்பு வலிக்கானது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில் கடும் கால் வலிக்காரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். சீக்கிரம் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு வலி விரைவாக விட்டது. ஒரு வருட முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். காத்திருந்த பிரிவில் பத்தில் நாலு பேர் வலி தாங்காமல் இடையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காத்திருப்பதும் தவறில்லை, செய்துகொள்வதும் தோல்வியில்லை. பாதம் வலுவிழந்துகொண்டே போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அப்படித்தான். அடுத்து என்ன செய்வது என்பதை அது மாற்றுமானால் எடுக்க வேண்டும்.

டவுனில் காசு கொடுத்தது போதும். கிளினிக் நாளில் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ போங்கள். காலைத் தூக்கிப் பார்த்து, முழங்காலையும் கணுக்காலையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்காவிட்டால், "பெருவிரலில் பலம் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. தேவையென்றால் அங்கிருந்தே கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.


பதில்: வட்டகொடை மகன்

எல்லோரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று விடுபட்டிருக்கிறது, அது எங்கள் வீட்டில் நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நடுமுதுகில் வலி என்றார். அவர் பாரம் தூக்குகிற ஆள் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை, நாங்களும்தான். ஐந்து மாதம் தைலம், பட்டி, ஊசி என்று போனது. இரவில்தான் வலி கூடும். சாயங்காலமானால் மேல் லேசாகச் சுடும். நள்ளிரவில் எழுந்து நனைந்த சட்டையை மாற்றுவார். குளிர்காலத்தில் ஏன் இப்படி வியர்க்கிறது என்று அம்மா கேட்டதோடு சரி. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டத் தொடங்கினார். கடைசியில் ஒரு பெண் வைத்தியர் அவருடைய முதுகில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு முள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. முள்ளந்தண்டில் காசநோய்.

அப்பாவுக்கு இருமல் ஒரு நாளும் இருந்ததில்லை. காசநோய் நெஞ்சில்தான் வரும் என்று நினைத்திருந்தோம். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். முதல் இரண்டு மாதம் நாலு வகை மாத்திரை, பிறகு இரண்டு வகை, மொத்தம் 12 மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அப்பா இரத்தம் என்று பயந்து இரண்டு நாள் மருந்தை நிறுத்திவிட்டார். அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று தாதி சொன்ன பிறகு தொடர்ந்தார். கால் தப்பியது. லேசான கூன் மட்டும் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு இது என்று சொல்லவில்லை தங்கச்சி. அவருடைய வலி பாரம் இறக்கியபோது வந்தது, காலுக்கு இறங்கியிருக்கிறது, கதை வேறு. ஆனால் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் மெலிவு, படுத்தாலும் விடாத வலி, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். நாங்கள் அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை.


தலவாக்கலை மகள்

எல்லோருக்கும் நன்றி. அன்றிரவே கேட்டேன். சிறுநீர், மலம் எதிலும் பிரச்சினை இல்லை. காய்ச்சலும் இல்லை. பெருவிரலை அழுத்திப் பார்த்தேன். வலது விரல் கல் போல நின்றது. இடது விரல் கொஞ்சம் நின்றுவிட்டு மெல்லச் சாய்ந்தது. நான் பயந்ததை அம்மா பார்த்துவிட்டார். "என்ன, என்ன" என்றார். பொய் சொல்லவில்லை, இங்கே எழுதியிருந்ததை முழுதாக வாசித்துக் காட்டினேன். 50 வயதில் 80 வீதம் என்ற இடத்தில் நிறுத்தி, "மறுபடியும் வாசி" என்றார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனோம். வைத்தியர் காலைத் தூக்கினார், 40 பாகைக்கு மேல் போகவில்லை. விரலைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். பலக்குறைவு லேசானது, கூடவில்லை என்றால் 4 வாரம் பார்க்கலாம், கூடினால் உடனே வரவேண்டும் என்று சொல்லி, கண்டிக்கு ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபிக்கு வாரம் ஒரு நாள். விரலின் பலத்தைத் தினமும் இரவு நான் பார்த்து கிளினிக் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

நடை 5 நிமிடத்தில் தொடங்கினோம். முதல் நாள் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று பணிய லயம் வரை போய் வந்தார், 20 நிமிடம். குப்புறப் படுக்கும்போது கெண்டைக்கால் வலி விட்டு, பிட்டத்தில் மட்டும் நிற்கிறது என்கிறார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். சுகமானால் மலைக்குப் போகலாமா? அம்மா தினமும் என்னை இதைத்தான் கேட்கிறார்.


பொகவந்தலாவை இயன்மருத்துவர்

கெண்டைக்காலை விட்டு வலி மேலேறியது என்று வாசித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தினமும் விரலைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

மலைக்குப் போகலாம். எப்போது என்பதை விரலும் நடையும் சொல்லும், அவசரப்பட வேண்டாம். தண்ணீர்க் குடம் ஒன்றை நெஞ்சோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்க முடிகிற நாள் வரட்டும். வைத்தியரிடம் இலகு வேலைக்குக் கடிதம் வாங்கி, கணக்கப்பிள்ளையிடம் முதலில் பேசுங்கள். பிள்ளைமடுவம், நாற்றுமேடை என்று ஏதாவது ஓர் இரண்டு மாதத்துக்குக் கிடைத்தால் நல்லது.

பறிக்கத் தொடங்கும்போது கூடையை நிறுவை வரை நிரப்பிக்கொண்டு நிற்க வேண்டாம். பாதியில் இறக்கி நிரை ஓரத்தில் வைத்த சாக்கில் கொட்டட்டும். இறக்கும்போது தானாக இறக்கக்கூடாது, பக்கத்து நிரைக்காரர் பின்னால் நின்று கூடையின் அடியைத் தாங்கட்டும். கொட்டும்போது இடுப்பைத் திருப்பாமல் கால்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். மழை நாளில் நனைந்த கொழுந்தின் பாரத்தை முதுகு சுமக்கிறது, நிறுவையில் அதைத் தண்ணீர்க் கழிவு என்று கழித்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் இன்னும் முன்னதாகவே இறக்கட்டும்.

ஸ்கேன் முடிவு வந்ததும் எழுதுங்கள். படத்தில் என்ன எழுதியிருந்தாலும், அம்மாவிடம் சொல்வதற்கு முன் இங்கே ஒரு தடவை கேளுங்கள்.


தலவாக்கலை மகள்

எழுதுகிறேன் அண்ணா. பக்கத்துக் காம்பரா (பக்கத்து வீட்டு) அக்காவிடம் கூடை தாங்குவதைப் பற்றிச் சொன்னேன். அவர் அம்மாவுக்கு அடுத்த நிரைதான். "இதற்கெல்லாம் கேட்கவேண்டுமா" என்று சொல்லிவிட்டு, வெறும் கூடையை எடுத்து வந்து இஸ்தோப்பிலேயே அம்மாவின் தலையில் மாட்டி, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் செய்து பார்த்தார்கள்.